நான்கு துளைகள்

குரோனிங்கனுக்கு வடக்கே ஒரு செங்கல் வீடு.
வாசலுக்கு மேல் 1931.
மழை சாய்ந்து பெய்கிறது.
ஏஜென்ட் ரூலோஃப் குடையை உதறிவிட்டு
முதலில் காட்டியது
காபி வாசனையைத்தான்.

அண்ணன் கேர்ட் வெளிச்சத்தைப் பார்த்தான்.
"மேற்கு ஜன்னல், சாயங்காலம் வரைக்கும் வெயில்."
நான் அதே ஜன்னலின் அடிக்கட்டையில்
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
ரொட்டி மாதிரி உள்ளே போனது.
மேலே பளபளவென்று பெயின்ட்.

முன்னறையில் மூன்று சுவர்கள் பழைய வெள்ளை.
ஒன்று மட்டும் போன வாரத்து வெள்ளை.
அதன் முன்னால் ஒரு புத்தக அலமாரி,
புத்தகங்கள் குறைவு,
நகர்த்த முடியாதபடி
ஒரு பெரிய கல்தொட்டிச் செடி.

ட்யார்க் பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்துத்
தரையில் வைத்தான்.
குண்டு சற்று யோசித்தது.
பிறகு, முகவரி நினைவுக்கு வந்தவனைப்போல
நேராக வடமேற்கு மூலைக்குப் போய்
அலமாரிக்கு அடியில் நுழைந்துகொண்டது.
"பழைய வீடு, கொஞ்சம் சாயத்தான் செய்யும்"
என்றார் ரூலோஃப், எங்களுக்கா குண்டுக்கா தெரியவில்லை.

நிலவறை.
ஊறுகாய் ஜாடிகள், பீட்ரூட், பேரிக்காய்,
எல்லாம் இரண்டாவது தட்டிலிருந்துதான் ஆரம்பம்.
கீழ்த்தட்டு சுத்தமாகக் காலி.
தரைத்தூசியில் ஒரு சதுரத் தடம்,
ஏதோ இயந்திரம் நின்ற இடம்;
பக்கத்து பிளக்கில் இன்னும் சூடு.
இதற்குள் நான் எண்ணுவதை விட்டிருந்தேன்.

வீட்டுக்காரர் இருக்கக் கூடாது என்பது முறை.
ஆல்ட்யே அம்மா இருந்தார்,
கோட்டுப் போட்டபடியே, சமையலறையில்,
கிளம்பப் போகிறவர் போலவும்
கிளம்ப மாட்டாதவர் போலவும்.
எங்கேயும் எங்களோடு வரவில்லை.
மாடிப்படி திரும்பும் இடத்தில் மட்டும்
எப்படியோ முந்திக்கொண்டார்.
சுவரில் முதுகைச் சாய்த்து நின்று
பக்கத்து வீட்டாரின் நல்ல குணங்களைச் சொன்னார்.
நீண்ட நேரம் சொன்னார்.
தொலைபேசி அடித்தது.

அவர் நகர்ந்த இடத்தில் விரிசல் இல்லை.
விரிசல் இல்லவே இல்லை.
நன்றாகப் பூசி மெழுகியிருந்தது.
ஆனால் மிளகளவில் நான்கு புள்ளிகள்,
மேலே இரண்டு, கீழே இரண்டு,
சுவரைவிட ஒரு மயிரிழை வெளுப்பாக.

இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.
அறுபது வருஷம் அடியிலிருந்து
எரிவாயுவை எடுத்தார்கள்.
நிலம், உட்கார இடம் கிடைத்த கிழம்போல,
மெல்ல அமர்ந்தது.
விரிசலுக்குக் குறுக்கே திருகி வைப்பார்கள்,
ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு தகடு.
சுவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று
ஒரு சிவப்புக் கூட்டல்குறி சொல்லும்.
தகட்டுக்கு நான்கு திருகாணி.

ஆல்ட்யே அம்மா திரும்பி வந்தபோது
என் விரல் கடைசிப் புள்ளியில் இருந்தது.
"காபி?" என்றார்.
"இன்னொரு நாள்" என்றேன்.
இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

காரில் கேர்ட் கேட்டான்:
"பென்சில் புள்ளி மாதிரி இருந்தது,
உனக்கு எப்படித் தெரிந்தது?"
வைப்பர் போய் வந்தது, போய் வந்தது.
பின்சீட்டில் ட்யார்க்
குண்டை விட்டுவிட்டு வந்ததைக்கூடச் சொல்லவில்லை.
மார்ச் மாதத்தில்
உள்ளங்கையைக் கிண்ணமாக்கி
நான் கழற்றக் கழற்ற
நான்கு திருகாணிகளையும் வாங்கி வைத்தவன் அவன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு
ஆசனிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள்,
என் வீட்டைப் பார்க்க.
இதுதான் எங்கள் முதல் வீடு என்று
மின்னஞ்சலில் இரண்டு முறை எழுதியிருந்தார்கள்.

ராத்திரி நடைக் கண்ணாடியைக் கழற்றிச்
சுவரோரம் சாய்த்தேன்.
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டினால்
பட்டிப்பசை பிஸ்கட் தூளாக உதிர்ந்தது.
தகடு தேயிலை டப்பாவுக்குப் பின்னால்தான் இருந்தது,
எறியாமல் ஏன் வைத்திருந்தேன் என்று
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
கீழ்த்தகடு பழைய துளையில் உட்கார்ந்தது.
மேல்தகட்டைக் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது.

ட்யார்க் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து
கூட்டல்குறியைப் படித்தான்.
"ஆறு" என்றான்.

மார்ச்சில் ஐந்து.